ஐந்தாண்டு காத்திரு! அறுநூறு ரூபாய் வாங்கிக்கொள்!



உங்கள் தெருவில் ஒரு பட்டதாரி இருப்பார். பி.காம். முடித்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருக்கும். காலையில் மாமா கடையில் கணக்கு எழுதுவார். மாலையில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார். "என்ன தம்பி, வேலை ஏதும் அமைந்ததா?" என்று யாராவது கேட்டால், "எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சிருக்கேன் மாமா" என்பார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பதிந்திருப்பதே ஒரு வேலை போல ஆகிவிட்டது!

சில ஆண்டுகளுக்கு முன்பு தமிழக வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பெயர் பதிந்து காத்திருந்தோர் 60 லட்சத்தைத் தாண்டினர். இத்தனை பேருக்கு அரசு என்ன செய்கிறது? இதில் நம் சமுதாயத்து இளைஞனின் இடம் எங்கே? இதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கணக்குகள் வரும். கணக்குப் பார்ப்பது வணிகச் சமுதாயத்துக்குப் புதிதல்லவே!

உதவித்தொகையா, உபகாரமா?

படித்து வேலையற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் தமிழகத்தில் 2006-ல் புதிய வடிவில் வந்தது. பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய் என்று தொடங்கினார்கள். பின்னர் இரட்டிப்பாக்கினார்கள். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். அதன் பிறகு பல ஆண்டுகளாக இந்தத் தொகை அசையவே இல்லை. அரிசி விலை அசைந்தது. பஸ் கட்டணம் அசைந்தது. வீட்டு வாடகை பல மடங்கு அசைந்தது. வேலையற்றவனின் தொகை மட்டும் அங்கேயே நிற்கிறது.

அதையாவது உடனே கொடுக்கிறார்களா? இல்லை! பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முழுதாகக் காத்திருக்க வேண்டும். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் தருவார்கள். 21 வயதில் பட்டம் பெற்றுப் பதிந்தவர் 26 வயதில் முதல் தவணை வாங்குவார். 29 வயதில் அதுவும் நின்றுவிடும். மொத்தம் எவ்வளவு? 36 மாதம், மாதம் 600. ஆக 21,600 ரூபாய். எட்டு ஆண்டு இளமைக்கு அரசாங்கம் போட்ட விலை இதுதான்!

நாள் கணக்கில் பார்த்தால் 20 ரூபாய். ஒரு டீ, ஒரு வடை. அதுவும் எல்லாக் கடையிலும் கிடைக்காது.

நிபந்தனைகளைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. 365 நாளுக்கு வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 200 ரூபாய்கூட வரவில்லை. தள்ளுவண்டியில் பழம் விற்கும் தந்தை ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுவந்தால், அரசின் கண்ணில் அந்தக் குடும்பம் வசதியான குடும்பம்! இன்னொரு நிபந்தனை, விண்ணப்பித்தவர் எந்தத் தனியார் வேலையிலும் இருக்கக்கூடாது, சுயதொழிலும் செய்யக்கூடாது. வேலை செய்யவில்லை என்று ஆண்டுதோறும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்கல்விப் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

இதன் பொருள் என்ன? ஐந்து ஆண்டு சும்மா இரு. இருந்துவிட்டு, சும்மா இருந்தேன் என்று எழுதிக் கொடு. 600 ரூபாய் வாங்கிக்கொள். மாமா கடையில் கணக்கு எழுதி மாதம் நாலாயிரம் வாங்கும் நம் பி.காம். தம்பி ஒன்று பொய் எழுத வேண்டும், அல்லது தொகையை விட வேண்டும். உழைப்பவனைத் தண்டித்து, உண்மை சொல்பவனை வெளியே தள்ளும் ஏற்பாட்டுக்குப் பெயர் வேலைவாய்ப்புத் திட்டமா? சிந்தித்துப் பாருங்கள்.

கிராமத்துக்குப் பதினைந்து நாள், நகரத்துக்கு ஐந்து ஆண்டு!

வேலையற்றவருக்கு உரிமை கொடுக்கவே முடியாது, அரசிடம் பணம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். முடியும் என்று இந்த நாடே காட்டியிருக்கிறது.

மகாராஷ்டிரா மாநிலம் 1977-ல் வேலை உறுதிச் சட்டம் இயற்றியது. 2005-ல் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாள் வேலை என்று நாம் எல்லோரும் சொன்னது அதைத்தான். அந்தச் சட்டத்தின் உயிர் நூறு நாளில் மட்டும் இல்லை. வேறொரு பிரிவில் இருந்தது. வேலை கேட்டு விண்ணப்பித்து 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால், வேலையின்மைப் படி தந்தாக வேண்டும். முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன் பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். நடைமுறையில் இந்தப் படி எத்தனை பேருக்குக் கிடைத்தது என்றால் மிகச் சொற்பம்தான். ஆனாலும் சட்டத்தில் அது உரிமை. கேட்பவன் பிச்சைக்காரன் அல்ல, உரிமைதாரன்.

ஒரே நாடு. கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கு 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் போட முடிந்தது. நகரத்துப் படித்த இளைஞனை மட்டும் ஐந்து ஆண்டு காக்க வைக்கிறார்கள். கிராமத்துக்குக் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. அது இன்னும் கூடுதலாகவே கிடைக்க வேண்டும். நகரத்து ஏழை என்ன பாவம் செய்தான் என்றுதான் கேட்கிறோம்.

இங்கேதான் நம் சமுதாயத்தின் கதை வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் சுமார் 42 லட்சம் பேர். மொத்த மக்களில் 5.86 சதவீதம். பெரும்பாலோர் வாழ்வது நகரங்களில்தான். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று நம் ஊர்களை வரிசையாகச் சொல்லுங்கள். எல்லாம் நகராட்சிகள்! தெருவைப் பார்த்தால் கிராமத்து ஏழ்மை. அரசு ஏட்டைப் பார்த்தால் நகரம். ஆகவே நூறு நாள் வேலை இந்த ஊர்களின் எல்லைக்குள் நுழையவே இல்லை. ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்று ஆர்டர் இல்லாமல் படுத்தால், அங்கே வேலை இழந்த பெண்ணுக்கு மறுநாள் எந்தச் சட்டமும் கைகொடுக்கவில்லை. பக்கத்து ஊராட்சியில் இருப்பவருக்காவது ஓர் அட்டை இருந்தது.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதிய சட்டம் நிறைவேறியது. அதுவும் ஊரகப் பகுதிக்கே. நகரத்து வாசல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

நகரத்துக்கு முடியாதா? கேரளம் 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் தொடங்கிவிட்டது. ராஜஸ்தான் 2022-ல் நகரத்துக்கு நூறு நாள் என்று தொடங்கியது. தமிழகத்திலும் நூறு கோடி ரூபாய் ஒதுக்கி, தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் சோதனை முறையில் ஒரு நகர்ப்புறத் திட்டம் வந்தது. சோதனை நல்லதுதான். ஆனால் பசிக்குச் சோதனை முறை என்று ஒன்று உண்டா?

கடன் வாங்கித் தொழில் செய் என்கிறார்கள்

"அரசு வேலையை ஏன் நம்புகிறீர்கள்? சுயதொழில் செய்யுங்கள், கடன் தருகிறோம்" என்பது அடுத்த திட்டம். 1993-ல் பிரதமரின் ரோஜ்கார் யோஜனா வந்தது. 2008-ல் அதையும் இன்னொரு திட்டத்தையும் இணைத்துப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்றார்கள். மாநில அரசு 25 சதவீத மானியத்தோடு வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை நடத்தியது. சிறுபான்மையினருக்குச் சலுகையும் உண்டு. பிறர் 10 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டிய இடத்தில் நாம் 5 சதவீதம் போட்டால் போதும். மத்திய திட்டத்தில் சிறுபான்மையினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம் மானியம்.

இதை நாம் மறுக்கவில்லை. தெரியாமல் விட்டவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் இதில் இரண்டு முள் இருக்கிறது.

முதல் முள், வங்கி. மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைத்தாலும் கடைசிக் கையெழுத்து வங்கி மேலாளருடையது. முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் பகுதிகளைச் சில வங்கிகள் கடன் கொடுக்கத் தகாத பகுதிகளாக ஒதுக்கி வைத்திருப்பதை 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. உழைக்கும் முஸ்லிம்களில் 61 சதவீதம் பேர் சுயதொழிலில் இருப்பதாகச் சொன்னதும் அதே அறிக்கைதான். அதிகமாகச் சுயதொழில் செய்யும் சமுதாயத்துக்கே வங்கி வாசலில் தடை!

இரண்டாவது முள், வட்டி. மானியத்தைக் கையில் தருவதில்லை. மத்திய திட்டத்தில் அதை வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக நிறுத்தி வைக்கிறார்கள். மீதிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது. வட்டி கூடாது என்று ஒதுங்கும் இளைஞனுக்கு மானியமும் இல்லை. அவன் கட்டிய வரியிலிருந்தும்தான் அந்த மானியம் போகிறது! வேறு வழி இல்லாமலா? கருவியை வாடகைக்குக் கொடுத்துத் தவணை முடிந்ததும் உரிமையாக்கலாம். இலாபத்தில் பங்கு என்று ஒப்பந்தம் போடலாம். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-லேயே வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியும் சில காலம் அதைப் பரிசீலித்தது. 2017-ல் அந்தக் கதவையும் சாத்தினார்கள். ஒரு மதத்தாருக்குச் சலுகை கேட்கவில்லை. கந்துவட்டியில் சீரழியும் எல்லா ஏழைக்கும் பயன்படும் வழியைத்தான் கேட்கிறோம்.

மூன்றரை சதவீதம் கிடைத்ததா?

2007-ல் நீண்ட போராட்டத்துக்குப் பின் 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு பெற்றோம். பெற்றதோடு தூங்கிவிட்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 200 இடங்கள் கொண்ட சுழற்சிப் பட்டியலில் நமக்கு 7 இடம். ஒரு துறை ஐந்தும் பத்துமாக ஆள் எடுத்தால் நம் முறை எப்போது வரும் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. உங்கள் மாவட்டத்தில் எந்த அலுவலகத்திலாவது சுழற்சிப் பட்டியல் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு மனுப் போட்டிருக்கிறீர்களா? பத்து ரூபாய் செலவு!

போட்டியின் கடுமையையும் மறைக்க வேண்டாம். 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் சுமார் 22 லட்சம். பின்னர் இடங்களைப் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அப்படியும் 200 பேருக்கு ஓர் இடம்தான். அந்த ஓர் இடத்துக்கு எழுதுகிறவர்களில் நம் பிள்ளை இருக்கிறானா? "நமக்கு எங்கே தரப்போகிறார்கள்" என்று விண்ணப்பமே போடாதவனுக்கு எந்தச் சட்டம் வேலை தரும்?

நம் வீட்டுக் குப்பை

அரசைக் குறை சொல்லியாகிவிட்டது. இனி நம் பக்கம் வருவோம். கசக்கும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நமக்கு என்ன, சபுராளிச் சமுதாயம்தானே, பாஸ்போர்ட் எடுத்தால் போதும்" என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்தோம்! 2011-ல் சவூதி அரேபியா தன் நாட்டவருக்கே வேலை என்று விகிதம் வகுத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது சிறப்பு விமானங்களில் ஆயிரக்கணக்கானோர் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வந்தவர்களில் எத்தனை பேருடைய வேலைவாய்ப்புப் பதிவு உயிரோடு இருந்தது? புதுப்பிக்காமல் காலாவதியாகிப் போன அட்டைகள்தான் அதிகம். அரசின் கணக்கில் அவர்கள் வேலையற்றவர்களே அல்ல. அவர்கள் பெயரே அங்கே இல்லை!

ஏழாண்டு அரபுக் கல்லூரியில் ஓதி ஆலிம் ஸனது வாங்கும் தம்பிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கண்ணில் அவர் படிக்காதவர். தனித்தேர்வராக எழுத வைக்க ஒவ்வொரு மதரஸா நிர்வாகமும் முன்வர வேண்டாமா? பல இடங்களில் செய்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. மற்றவர்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

வணிகப் பெருமக்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 1959 சட்டம் கூறியது. அறிவிக்கத்தான் சொன்னது, அங்கிருந்து ஆள் எடுக்கச் சொல்லவில்லை. அந்த அறிவிப்பையாவது நம்மில் எத்தனை பேர் செய்தோம்? நம் கடையில் பத்து ஆண்டு நின்ற பையனுக்குச் சம்பளச் சீட்டு உண்டா? வைப்பு நிதி உண்டா? இல்லையென்றால், அந்தப் பத்து ஆண்டு அனுபவத்தை அவன் எந்தக் காகிதத்தில் காட்டுவான்? நாளை வேறு வேலைக்குப் போனாலும், வங்கியில் கடன் கேட்டாலும், அவன் பத்தாண்டு சும்மா இருந்தவன்தான். அரசு அவனைப் பதிவேட்டில் காக்க வைத்தது. நாம் அவனைப் பதிவேடே இல்லாமல் வைத்தோம். எது பெரிய அநியாயம்?

என்ன கேட்கிறோம்?

அரசிடம் நாம் கேட்பவை இவை.

1. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி அனைத்துக்கும் சட்டபூர்வமான வேலை உறுதி வேண்டும். வாய்க்கால் வெட்டும் வேலை மட்டும் அல்ல. நூலகம், அரசு மருத்துவமனை, பள்ளி, வார்டு அலுவலகக் கணக்கு என்று படித்தவருக்கும் பெண்களுக்கும் ஏற்ற வேலைகள் சேர வேண்டும். குறித்த நாளுக்குள் வேலை இல்லையென்றால் படி.

2. உதவித்தொகைக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பை ஓராண்டாகக் குறைக்க வேண்டும். தொகையை விலைவாசியோடு இணைக்க வேண்டும். 72,000 என்ற வருமான வரம்பை உயர்த்த வேண்டும். பகுதிநேர வேலை செய்பவரைத் தண்டிக்கக் கூடாது.

3. சுயதொழில் திட்டங்களில் வட்டியில்லாத ஒரு வழி திறக்க வேண்டும். மானியப் பங்கைக் கருவியாக, இயந்திரமாக நேரடியாகத் தர வேண்டும்.

4. ஒவ்வொரு துறையும் 3.5 சதவீதத்தில் எத்தனை இடம் நிரப்பியது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பதிவேடு திறக்கட்டும். ஊரில் 18 முதல் 40 வயது வரை யார் யார், என்ன படிப்பு, எத்தனை ஆண்டாக வேலை இல்லை, வேலைவாய்ப்புப் பதிவு எப்போது காலாவதியாகிறது என்று எழுதுங்கள். நிக்காஹ் பதிவேடு வைக்கத் தெரிந்த நமக்கு இது முடியாதா? சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாக இருக்கிறதா, வேலைவாய்ப்பு அட்டையிலும் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சான்றிதழோடு பதிந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். அங்கே நம் பிள்ளைகளை அனுப்புங்கள். பைத்துல்மால் நடத்தும் ஊர்கள் ஆண்டுக்குப் பத்து இளைஞருக்காவது தேர்வுக் கட்டணமும் புத்தகமும் வாங்கித் தரட்டும்.

இளைஞனே! கயிறும் கோடரியும் எடுத்து விறகு வெட்டிப் பிழைப்பது கையேந்துவதைவிட மேல் என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆகவே 600 ரூபாய்க்காக வரிசையில் நிற்பது நம் இலட்சியம் அல்ல. ஆனால் வெட்டுவதற்கு மரமே இல்லாத ஊரில் கோடரியை மட்டும் புகழ்ந்து பேசுவதும் நியாயம் அல்ல. வேலை கேட்பது யாசகம் அல்ல, உரிமை. அந்த உரிமையைக் கேட்க முதலில் உன் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பி.காம். தம்பிக்கு இன்று வயது 28. அரசுக் கணக்கில் அவருக்கு 40 வரை நேரம் இருக்கிறது. அவர் தாயின் கணக்கில் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

இந்த வாரம் அஸருக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "வேலை அமைந்ததா?" என்று கேட்காதீர்கள். "உன் அட்டையைக் கொண்டு வா தம்பி, தேதி பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.